ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர்

எங்கள் குடியிருப்பில் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி இருக்கிறார். அவருடைய கம்பெனியில் சமூகப் பணிக்கென்று சி.எஸ்.ஆர். பணம் கொஞ்சம் ஒதுக்கியிருக்கிறார்களாம். "நீங்க கார்ப்பரேஷன் ஸ்கூல்ல இருந்தவங்கதானே மேடம், வடசென்னையில ஏதாவது ஒரு ஸ்கூலுக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரலாம்னு இருக்கோம். எந்த ஸ்கூலுக்குத் தரலாம்?" என்று கேட்டார். நல்ல மனசு. உட்கார வைத்துக் காபி கொடுத்துவிட்டு, "தம்பி, ஒரு டீச்சர் தர முடியுமா?" என்றேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டாகக் கேட்கவில்லை என்று புரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏன், டீச்சர் இல்லையா?" என்றார். அன்றைக்கு அவரிடம் சொன்னதைத்தான், விட்டுப்போனதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

நான் வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டைப் பக்கத்து மாநகராட்சிப் பள்ளிகளில் இடைநிலை ஆசிரியையாக வேலை பார்த்து, தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவள். இப்போது வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் கல்வியாளர் என்ற இடத்தில் என்னைப் போட்டிருக்கிறார்கள். அதனால் வாரத்தில் சில நாள் போய் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காருகிறேன்.

ஒரு தொடக்கப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள் தெரியுமா? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் கணக்கு இருக்கிறது. 1 முதல் 5 வரை ஐந்து வகுப்பிலும் சேர்த்து 60 பிள்ளைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3. 91 முதல் 120 வரை 4. அதைத் தாண்டினால்தான் 5. 150க்கு மேல் போனால்தான் வகுப்பெடுக்கிறவர்கள் போகத் தனியாக ஒரு தலைமை ஆசிரியர். நம் மாநிலத்தில் ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் எத்தனை பெயர் இருக்கிறதோ அதை வைத்துப் பணியிட நிர்ணயம் நடக்கும். கணக்குக்கு மேல் இருக்கிறவர் 'உபரி'. உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு அனுப்புவதற்குப் பணி நிரவல் என்று பெயர்.

கோப்பில் பார்த்தால் இதில் குறை தெரியாது. 40 பிள்ளைக்கு 2 ஆசிரியர் என்றால் ஒருவருக்கு 20 பிள்ளை. பெரிய தனியார் பள்ளிகளில்கூட இப்படி ஒரு விகிதம் கிடைப்பது அரிது. ஆனால் அந்த 40 பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இல்லையே. ஐந்து வகுப்பு, ஐந்து வகைப் பாடப்புத்தகம், ஐந்து வயது. ஒருவர் 1, 2, 3 மூன்றையும் ஒரே அறையில் வைத்துக்கொள்வார். இன்னொருவர் 4, 5. அந்த இன்னொருவரே தலைமை ஆசிரியரும். இலவசச் சீருடை வந்து இறங்கினால் எண்ணி வாங்குவது, எமிஸ் என்ற அரசின் இணையப் பதிவேட்டில் விவரம் ஏற்றுவது, சத்துணவுக் கணக்கில் கையெழுத்துப் போடுவது, மண்டல அலுவலகம் கூப்பிட்டால் ஓடுவது எல்லாம் அவர்தான். அவர் போகும் நாளில் அந்தப் பள்ளிக்கு ஒரே டீச்சர். மற்றவர் பயிற்சிக்குப் போனாலும் ஒரே டீச்சர். ஆண்டில் பாதி நாள் இப்படித்தான் ஓடும் என்று நான் சொன்னால் மிகை என்று நினைக்காதீர்கள். ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்த்த யாரையாவது கேளுங்கள்.

பெற்றோருக்கு இது கண்ணில் படாமல் இருக்குமா? "மூணு கிளாஸையும் ஒண்ணா உக்கார வெச்சிருக்காங்க" என்று தெருவில் பேச்சு வரும். அடுத்த ஜூனில் நாலு பிள்ளைகள் குறையும். ஆகஸ்டில் இன்னொரு ஆசிரியர் உபரி ஆவார். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர். பிள்ளை குறைகிறதென்று டீச்சரை எடுக்கிறார்கள், டீச்சர் இல்லையென்று பிள்ளை குறைகிறது. நல்ல கட்டடமும் விளையாட இடமும் உள்ள ஒரு பள்ளி இந்தச் சுழலில் மாட்டி, நான் சேர்ந்தபோது வகுப்புக்கு இரண்டு பிரிவு என்று இருந்தது, நான் கிளம்பும்போது மூன்று அறையைப் பூட்டி வைத்திருந்தது.

அந்த ஒரே அறைக்குள் என்ன நடக்கிறது என்று சொன்னால்தான் இதன் கனம் புரியும். போன மாதம் ஒரு மூன்றாம் வகுப்புப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னேன். அவன் மக்குப் பையன் இல்லை. அவனுடைய அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து வந்து விற்கிறார். கிலோ, கூறு, மீதிச் சில்லறை எல்லாம் அவனுக்கு மனக்கணக்கு. புத்தகத்தில் 'தொப்பி' என்று இருந்தது. அவன் விரலை வைத்து முதலில் 'தெ' என்றான். அடுத்து இருந்த காலைப் பார்த்து 'ஆ' என்றான். அப்புறம் 'ப்பி'. மூன்றையும் சேர்த்தால் ஒன்றும் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தான். தொப்பி என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும், அந்த எழுத்துத்தான் தொப்பி என்று தெரியவில்லை. கொம்பு முன்னால், கால் பின்னால், எழுத்து நடுவில், மூன்றும் சேர்ந்து ஒரே ஓசை என்பதை யாரும் அவனுக்கு நிறுத்தி நிதானமாகக் காட்டவில்லை.

இதற்கு மருந்து சின்னதுதான். ஒரு அட்டையில் ஒற்றைக்கொம்பு, இன்னொன்றில் கால். இரண்டையும் தரையில் இடைவெளி விட்டு வைத்து, நடுவில் க, ச, த, ப என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். கொ, சொ, தொ, பொ. அவனையே வைக்கச் சொல்ல வேண்டும். கொம்பை எடுத்துவிட்டால் 'தா', காலை எடுத்துவிட்டால் 'தெ', இரண்டும் இருந்தால் 'தொ' என்று அவன் கையே கண்டுபிடிக்கும். அவன் நாலு நாளில் பிடித்துக்கொண்டான். அடுத்து ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் தகராறு, 'தேன்' என்பதைத் 'தென்' என்கிறான். அதுவும் தீரும். பக்கத்தில் இருந்த பெண்ணுக்கோ கொம்பு, கால் எல்லாம் தெரியும். மெய்யெழுத்து வந்தால் புள்ளியைக் கவனிக்காமல் 'பட்டம்' என்பதைப் 'படடம' என்று தட்டுத்தடுமாறிப் போகிறாள். ஒவ்வொரு பிள்ளையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது. அது எந்த இடம் என்று தெரிய ஒரே வழி, தினமும் ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பது.

20 பிள்ளைக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் ஒரு மணி நேரம். ஒரு வகுப்பு மட்டும் வைத்திருக்கும் டீச்சரால் தினமும் இதைச் செய்ய முடியும். மூன்று வகுப்பை வைத்திருக்கிறவர் இந்த ஒரு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பார்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதற்குள் எழுந்து வெளியே போயிருக்கும்.

சென்னை மாநகராட்சிக்கு இந்த விஷயம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நாட்டுக்கே வழிகாட்டிய இடம் இது. 2003இல் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். ஆந்திராவில் ரிஷி வேலிப் பள்ளியில் நடந்துகொண்டிருந்ததை நம் ஆசிரியர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நம் பாடத்துக்கு ஏற்ற அட்டைகளை அவர்களே உட்கார்ந்து தயாரித்தார்கள். அங்கிருந்து மற்ற மாநகராட்சிப் பள்ளிகளுக்கும், பிறகு தமிழ்நாடு முழுவதற்கும் போனது. எங்கள் பள்ளிக்கு அது வந்த வருடம் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. மேசை நாற்காலியை ஓரம் கட்டினோம். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகள் எழுத ஆளுக்கொரு கட்டம் கரும்பலகை அடித்தார்கள். பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள், டீச்சரும் கீழே உட்கார்ந்தார். அட்டைகள் தட்டில் இருக்கும், எந்த அட்டைக்குப் பின் எது என்று படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி அட்டவணையைப் பார்த்துத் தன்னுடைய அடுத்த அட்டையைப் பிள்ளையே எடுத்து வரும். இரண்டு நாள் வராத பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடரும். வகுப்பறை என்றால் டீச்சர் நின்று பேசும் இடம் என்று இருந்ததை அது மாற்றியது. டீச்சர் முன்னால் வாய் திறக்கவே பயந்த பிள்ளைகள் தோளில் சாய்ந்துகொண்டு கேள்வி கேட்டார்கள்.

அது ஏன் நீடிக்கவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நான் பார்த்தது இது: கிழிந்த அட்டைக்குப் புது அட்டை வரவில்லை. மேற்பார்வைக்கு வந்தவர்கள் பிள்ளை வாசிக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு எத்தனை அட்டை முடித்திருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தார்கள். எல்லாவற்றையும்விட மோசமானது, பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் இருந்தாலும் இந்த முறையில் கற்கலாம் என்பதையே காரணமாக்கி, இரண்டு டீச்சர் போதுமே என்று இருந்துவிட்டார்கள். அந்த முறை நன்றாக நடக்கத் தரையில் உட்காரும் ஆட்கள் வேண்டும். அட்டை பேசாது.

இப்போது இருப்பது 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த இழப்பைச் சரிக்கட்ட 2022 ஜூனில் தொடங்கியது. 2025க்குள் 8 வயதுக்குள் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுத்தும் எண்ணும் வந்துவிட வேண்டும் என்பது அப்போது வைத்த குறிக்கோள். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து அவரவர் நிலைக்கு ஏற்ற பயிற்சிநூல் கொடுக்கிறார்கள். ஆசிரியர் கையேடு நன்றாக இருக்கிறது, பாட்டும் கதையும் பொம்மையும் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் அரும்பு நிலையில் இருக்கும் பிள்ளைக்கு அரும்பிலிருந்தே தொடங்கலாம் என்று அரசாங்கமே சொல்வது பெரிய விடுதலை. ஆனால் செல்போன் செயலியில் ஏற்றும் மதிப்பீட்டு வேலை டீச்சரைத் தின்கிறது. நெட்வொர்க் கிடைக்காமல் வராந்தாவில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் இளம் டீச்சர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

சாப்பாட்டு விஷயத்தில் இந்த ஊரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். 1920இல் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில்தான் மதிய உணவு முதலில் போடப்பட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. காலை உணவு வருவதற்கு முன் திங்கட்கிழமை பிரேயரில் ஒரு பிள்ளையாவது மயங்கி விழும். வெல்லத் தண்ணீர் கரைத்து வைத்திருப்போம். இப்போது அது இல்லை. உப்புமாவோ பொங்கலோ வயிற்றில் இருக்கும் பிள்ளை பதினொரு மணிக்கும் கண்ணைத் திறந்து உட்கார்ந்திருக்கிறது. வேலைக்குப் போகும் அம்மாக்களுக்குக் காலையில் ஒரு பாரம் குறைந்திருக்கிறது. ஒன்றைச் செய்தே தீருவது என்று முடிவெடுத்தால் இந்த மாநகராட்சியால் செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கட்டடமும் மாறியிருக்கிறது. பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் நிதியோடு 28 பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக எடுத்தார்கள். வண்ணம் அடித்தார்கள், சுவரில் படம் வரைந்தார்கள். நல்லதுதான். கழிப்பறையில் தண்ணீர் வர வேண்டும், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்க வேண்டும், தினமும் கழுவ ஆள் இருக்க வேண்டும். ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இன்னும் எல்லாப் பள்ளியிலும் ஒழிந்துவிடவில்லை. இதைப்பற்றிப் பேச நீளமாக ஒன்றுமில்லை, செய்ய வேண்டியதுதான்.

பிள்ளைகள் குறைவதற்குத் தனியார் பள்ளி மோகம்தான் காரணம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்கள். அது பாதி. மீதிப் பாதியை யாரும் பேசுவதில்லை. கூவம் கரையிலும் கால்வாய்க் கரையிலும் இருந்த குடிசைகளை எடுத்துக் குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்களே, அவர்கள் யார்? மாநகராட்சிப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பியவர்கள். ஊருக்குள் இருந்த பள்ளி காலியாகிறது, அங்கே வகுப்பறை பிதுங்குகிறது. அதுவும் கல்வியாண்டு நடுவில். நான் இருந்த ஒரு பள்ளியில் ஒரே வாரத்தில் நாலாம் வகுப்பில் பாதிப் பேரைக் காணோம். டி.சி. வாங்கக்கூட வரவில்லை, சாமான் ஏற்றும் லாரி வந்து நின்றதும் போய்விட்டார்கள். ஒரு பெண் மட்டும் ஆண்டுத் தேர்வு வரை அப்பாவோடு இரண்டு பஸ் மாறி வந்தாள். மற்றவர்களில் எத்தனை பேர் அங்கே பள்ளியில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. குடும்பத்தை மாற்றுவதென்றால் ஏப்ரல் முடிந்து மாற்றுங்கள். மாற்றும் இடத்தில் முதலில் வகுப்பறையும் டீச்சரும் இருக்கட்டும். இது அவ்வளவு பெரிய கோரிக்கையா?

தனியார் பள்ளிக்குப் போகும் பாதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தாய்மார்கள் மூன்று வயதிலேயே பிள்ளையை எங்காவது விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் வேலைக்குப் போக முடியாது. தெருமுனை நர்சரியில் எல்.கே.ஜி.யில் சேர்த்த பிள்ளை ஐந்து வயதில் நம்மிடம் திரும்பி வராது. மாநகராட்சிப் பள்ளிகளில் எல்.கே.ஜி., யூ.கே.ஜி. தொடங்கிய இடங்களில் ஒன்றாம் வகுப்பு தானாக நிறைவதை நானே பார்த்தேன். ஆனால் அந்த வகுப்புக்கு வரும் டீச்சருக்குத் தொகுப்பூதியம். பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர் வைத்துக்கொள்ளலாம் என்று 2022இல் அரசு அனுமதித்தபோது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்றார்கள், பிறகு 12,000 ஆக்கினார்கள். அந்தச் சம்பளத்துக்கு வரும் பெண்கள் உயிரைக் கொடுத்து வேலை செய்கிறார்கள். அரைக் கல்வியாண்டில் வேறு நல்ல வேலை கிடைத்ததும் போய்விடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை ஒரு முகத்துக்குப் பழகி முடிப்பதற்குள் முகம் மாறுகிறது. இடைநிலை ஆசிரியர் நியமனத் தேர்வு மாநிலத்தில் பல வருடம் கழித்து 2024 ஜூலையில்தான் நடந்தது. இத்தனை வருட இடைவெளியை யார் நிரப்பியது? தற்காலிகக்காரர்களும், ஆளே இல்லாத வகுப்புகளும்தான்.

இதெல்லாம் தொடக்கப் பள்ளி விவகாரம், பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கும் இதற்கும் என்ன என்று அந்தத் தம்பி கேட்டார். மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கும் என் தோழி சொன்னதை அவரிடம் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பில் அவள் முதல் நாள் கணக்கு கேட்பதில்லை, வினாவை வாசிக்கச் சொல்கிறாள். 'ஒரு தொட்டியின் கொள்ளளவு' என்று தொடங்கும் வரியை முடிக்க முடியாத பிள்ளைகள் வகுப்புக்கு ஏழெட்டுப் பேர். எட்டு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அது சரியான கொள்கை. பிள்ளையை ஃபெயிலாக்கி உட்கார வைத்தால் அது படிக்காது, வேலைக்குப் போய்விடும். ஆனால் நிறுத்தி வைக்காத பள்ளி, விட்ட இடத்தைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியாக இருக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லாததால் தொப்பியில் தடுக்கியவன் தடுக்கிய இடத்திலேயே ஆறு வருடம் நின்று, உயரம் மட்டும் வளர்ந்து ஒன்பதுக்கு வருகிறான்.

பத்தாம் வகுப்பில் தேர்ச்சி விகிதம் என்ற கத்தி ஆசிரியர் கழுத்தில். அதனால் மினிமம் மெட்டீரியல். இந்த இத்தனை இரண்டு மார்க், இந்த இத்தனை ஐந்து மார்க், மனப்பாடம் செய், 35 வாங்கு. மாலை வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, டீயும் பன்னும் டீச்சர் கைக்காசில். அந்த ஆசிரியர்களின் உழைப்பை நான் தலைவணங்கிச் சொல்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை பிளஸ் ஒன் போனதும் திரும்பவும் அதே சுவர். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் 2022இலும் பையன்களுக்கு 2024இலும் வந்தன. இவற்றால் எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரி வந்திருக்கிறார், என்னிடம் படித்தவர்களே இருக்கிறார்கள். மேலே கதவு திறந்திருக்கிறது. கீழே மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாமல் போகிறவன் அந்தக் கதவு வரை வந்து சேர்வதில்லை.

எங்கள் மேலாண்மைக் குழுவில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், மற்ற வார்டுகளிலும் செய்து பார்க்கலாம். குழுவில் பெரும்பான்மை பெற்றோர், தலைவரும் ஒரு தாய். கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு என்றால் கூலி வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்? கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு தீர்மான நோட்டை மூடிவிடுவது வழக்கமாக இருந்தது. முதலில் நேரத்தை மாலை ஐந்தரைக்கு மாற்றினோம். வந்தவர்களிடம் செயலியைப் பற்றியும் நிதியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தபோது, மேலே சொன்னேனே அந்த மீன்காரம்மா, கூடையைக் கதவோரம் வைத்துவிட்டு, "இதெல்லாம் இருக்கட்டும் டீச்சர். என் புள்ளைக்குப் படிக்க வருதா, வரலையா? அதை மட்டும் சொல்லு" என்றார்.

அதற்கப்புறம் கூட்டத்தின் முதல் வேலையே அதுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தன் அம்மா அல்லது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கும். மற்றவர் முன்னால் நிற்க வைப்பதில்லை, மதிப்பெண் இல்லை. எழுத்தறியாத அம்மாவுக்கும் தன் பிள்ளை தடுக்குகிறதா, ஓடுகிறதா என்பது காதிலேயே தெரிந்துவிடும். தடுக்கும் பிள்ளைகளின் பெயரை மட்டும் டீச்சர் குறித்துக்கொள்வார், அவர்களுக்கு அடுத்த மாதம் நானும் இன்னும் இரண்டு ஓய்வுபெற்ற டீச்சர்களும் உட்காருகிறோம். மூன்று கூட்டத்துக்குள் பெற்றோர் வருகை கூடிவிட்டது. பீகாரிலிருந்து வந்து ஓட்டலில் வேலை பார்க்கும் ஒரு அப்பா, தன் பெண் தமிழ் வாசிப்பதை ஒரு வார்த்தை புரியாமல் முழுப் பக்கமும் கேட்டுவிட்டு எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

நாங்கள் போட்டிருக்கும் தீர்மானம் ஒன்றுதான். சட்டத்தின் அட்டவணை குறைந்தபட்சம் இத்தனை பேர் என்றுதான் சொல்கிறது, அதற்கு மேல் வைக்க எந்தத் தடையும் இல்லை. சென்னைப் பள்ளிகள் என்று இப்போது அழைக்கப்படும் மாநகராட்சிப் பள்ளிகள் இருநூற்றுச் சொச்சத்திலிருந்து, 2011இல் மாநகராட்சி விரிந்தபோது சேர்ந்த பகுதிகளின் 139 பள்ளிகளும் பிறகு வந்து சேர்ந்ததில், 400ஐத் தாண்டிவிட்டன. இவற்றில் எந்தத் தொடக்கப் பள்ளியாக இருந்தாலும், பிள்ளை எத்தனை என்று பார்க்காமல், முதலில் 1, 2, 3 ஆகிய மூன்று வகுப்புக்காவது வகுப்புக்கு ஒரு நிரந்தர ஆசிரியர் வேண்டும். எமிஸ், செயலி வேலைக்கு இரண்டு மூன்று பள்ளிக்குச் சேர்த்து ஒரு பணியாளர் போதும். செலவு ஆகும். நீங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டுகிறீர்களே சொத்து வரி, அதில் கல்வி வரி என்று ஒரு பங்கு இருக்கிறது. உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாலும் இந்தப் பள்ளிகள் உங்கள் பணத்தில் நடப்பவை. ஆகவே கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு, குடிசைப் பகுதி அம்மாக்கள் மட்டும் கேட்க வேண்டும் என்றில்லை.

மாநகராட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச் வாக்கில் ரிப்பன் மாளிகையில் வாசிக்கப்படும். அதற்கு முன் ஜனவரியிலேயே உங்கள் வார்டு கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுங்கள். வார்டில் உள்ள சென்னைப் பள்ளிக்கு ஒருமுறை நேரில் போய், எத்தனை வகுப்பு, எத்தனை நிரந்தர ஆசிரியர், எத்தனை தற்காலிகம் என்று கேட்டு, அந்த மூன்று எண்ணையும் கடிதத்தில் முதல் வரியில் போடுங்கள். நகல் மண்டலக் கல்வி அலுவலகத்துக்கு. வாங்கியதற்கு முத்திரையோடு ஒப்புகை கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.